புதன்கிழமைத் துணி

எங்கள் மாடி வீட்டில், கிறிஸ்தவ ஊழியத்துக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இளம்பெண் குடியிருந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டவள். குட்டை உருவம், நீளப் பாவாடை, சட்டையில் எப்போதும் பெயர் அட்டை. அவள் வாரத்தை அட்டவணையாகவே எழுதிவிடலாம். செவ்வாய் முதல் சனி வரை ஊழியத்துக்கு வீடு வீடாகப் போவாள். ஞாயிறு ஆராதனை. திங்கட்கிழமை ஓய்வு. அன்று மட்டும்தான் சொந்த வீட்டோடு பேசச் சபையின் அனுமதி. பேசி முடித்ததும் வாளியோடு கீழே வந்து எங்கள் துவைகல்லில் துணி துவைப்பாள்.

ஒரு புதன்கிழமை வாளியோடு வந்தாள்.

"ஏன் கண்ணு, இன்னிக்குத் திங்கக்கெழமையா?" என்று அம்மா சிரித்தாள்.

"வீட்ல இருந்து போன் வந்துச்சுங்க. அப்பா இறந்துட்டாருங்க." போன் முடிந்தால் துணி என்று பழகிய கை, வாளியை எடுத்திருக்கிறது.

"அய்யோ! ஊருக்குப் போறியா கண்ணு?"

"சபைல போலாம்னாங்க. போனா மறுபடி இங்க அனுப்ப மாட்டாங்களாமுங்க. என்ன செய்யறதுன்னு தெரியலீங்க."

"எளவு கேட்டா ஒடனே தலைக்கு ஊத்தோணும் கண்ணு" என்றாள் அம்மா.

அவள் அப்படியே குழாயடிக்குப் போய், பெயர் அட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பிறகு சொட்டச் சொட்ட நின்று கேட்டாள். "அப்புறம் என்னங்க செய்யோணும்?"

அம்மா துண்டு எடுத்துவரப் போனாள்.

அவள் ஊருக்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வாளியோடு வந்தாள். அந்தப் புதன்கிழமை அம்மா "ஊருக்குக் கெளம்பு கண்ணு" என்று சொல்லியிருந்தால், அதையும் அப்படியே செய்திருப்பாளோ என்று இன்றும் யோசிக்கிறேன்.