பச்சைக் கிளைகளை விட்டுவைத்தேன்

பக்கத்து வீட்டு அக்காவின் வாசலில் ஒரு செம்பருத்தி நின்றது. பூவைவிட இலைக்குத்தான் பேர். பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த இலைகள். ஜார்ஜ் டவுனில் எங்கள் பழைய வரிசை வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்கூட நின்று படம் எடுப்பார்கள்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அக்கா பாலத்துக்கு அந்தப்புறம் ஜுருவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது செடியை என்னிடம் ஒப்படைத்தார்.

"தண்ணி ஊத்துறது பெருசில்ல தம்பி. முழுப் பச்சையா கிளை கிளம்பும். அத அடியோட வெட்டிரு. விட்டா அதுதான் வேகமா வளந்து மத்தத எல்லாம் அமுக்கிரும்."

"செய்றேன்க்கா," என்றேன். கண் கைப்பேசியில் இருந்தது.

இரண்டு மாதத்தில் பச்சைக் கிளைகள் சுவருக்கு மேலே போய்விட்டன. வெயிலில் வெள்ளை இலைகளின் ஓரம் கருகியிருந்தது. ஏதோ நோய் என்று முடிவு செய்தேன். எதையோ வெட்டச் சொன்னார் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரியை எடுத்து, வெளுத்த கிளைகளையெல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டேன். செடி ஒரே பச்சையாகச் செழித்து நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா ஊன்றுகோலுடன் வந்து இறங்கினார். கேட்டைத் திறக்காமல் அப்படியே நின்றார்.

"யாரு தம்பி வெட்டுனா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவர் சொல்லிப்போனது முழுதும் நினைவுக்கு வந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "புல்லு வெட்டுற அண்ணனா இருக்கும்க்கா."

மாதம் ஒருமுறை மெஷினோடு வந்து சாலையோரப் புல் வெட்டுகிறவர் அவர். அக்கா வீட்டுக் குழாயில் முகம் கழுவி, அக்கா தரும் தேநீரைக் குடித்துவிட்டுப் போவார். அடுத்த முறை வந்தபோது அக்கா கேட்டிலேயே மறித்தார்.

"ஒனக்குக் கண்ணு தெரியாதா? இனிமே உள்ள வராத."

"சத்தியமா நான் தொடலக்கா. செடியெல்லாம் எனக்கு எதுக்குலா?"

நான் என் வீட்டுச் சன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பத்தடி நடந்தால் போதும். நடக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு போனார்.

மறுமாதம் அவர் அக்கா வாசல் புல்லை மட்டும் வெட்டாமல் கடந்து போனதைப் பார்த்தேன். அன்று மாலையே அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன பண்ண? அந்தாளுகிட்ட போய்ச் சொல்லு," என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் இரண்டு தெரு தள்ளி அவரைக் கண்டுபிடித்தேன். "அண்ணே, செடிய வெட்டுனது நான்தான்."

மெஷினை அணைத்தார். "தெரியும் தம்பி. அன்னிக்கு நீங்க சன்னல்ல நின்னீங்கல்ல." அவ்வளவுதான். கயிற்றை இழுத்து மெஷினை மறுபடி ஓட விட்டார்.

அக்கா அவரை வீட்டுக்குள் அழைத்து மன்னிப்புக் கேட்டதைப் பிறகு கேள்விப்பட்டேன். செடியின் அடியில், என் கத்தரிக்குத் தப்பிய ஒரு வெள்ளைத் துளிர் இருந்தது. அக்கா பச்சையையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு அதை வளர்த்துக்கொண்டிருக்கிறார். என்னோடு பேசுகிறார், பலகாரம்கூடக் கொடுத்தனுப்புகிறார். ஆனால் போன மாதம் ஜுருவுக்குப் போனபோது, எதிர்வீட்டுக்காரரிடம்தான் செடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.