ஸ்கின் கலர் அப்பா

ஆயில் பெயிண்டில் மனித முகம் வரையக் கற்றுக்கொள்ள நான் போய்ச் சேர்ந்த இடம், காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. யார் வேண்டுமானாலும் ஓவியர் ஆகலாம் என்று வாசலில் பலகை. ஓவியர் ஆவது அத்தனை சுலபம் என்றால் வாத்தியார் ஏன் இன்னும் ஆகவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாயம் போட்டு வரும் துணியின் நிறத்தைச் சரிபார்ப்பது என் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்ட நிறத்திலிருந்து மயிரிழை விலகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் வாத்தியார் முதல் வகுப்பிலேயே ஒரு டியூபைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஸ்கின் கலர். முகத்துக்கு இது ஒண்ணு போதும்."

பிதுக்கினால் பிளாஸ்டிக் பொம்மையின் இளஞ்சிவப்பு வந்தது. அந்த அறையில் அப்படியொரு தோல் யாருக்கும் இல்லை, அவருக்கும்தான்.

"நம்ம நிறத்துக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"கொஞ்சமாப் பிரவுன் சேத்துக்குங்க மேடம். அதிகமாச் சேத்தா அழுக்காத் தெரியும்."

என்னோடு கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒரு கம்பெனி முதலாளியும் உண்டு. முதலிபாளையத்தில் அவருடைய புது யூனிட் திறப்பு விழாவுக்கு, காலமான தன் அப்பாவின் படத்தைத் தன் கையாலேயே வரைந்து மாட்ட வேண்டும் என்று ஆசை. பழைய கருப்பு வெள்ளை போட்டோவை வைத்துக்கொண்டு உட்காருவார். போன் வரும், எழுந்து போவார். அவர் நகர்ந்ததும் வாத்தியார் அதே ஸ்டூலில் உட்கார்ந்து மளமளவென்று வரைவார். திரும்பி வந்த முதலாளி படத்தைத் தள்ளி நின்று பார்த்து, "அட, நல்லா வந்திருச்சே!" என்பார். கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

நான் என் வீட்டுக்காரரை வரைந்தேன். காவியும் சிவப்பும் துளி நீலமும் குழைத்துக் குழைத்து அவருடைய கன்னத்தின் கருப்பைப் பிடித்திருந்தேன். காது மட்டும் கீழே இறங்கிவிட்டது. வாத்தியார் வந்தார். காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரொம்ப டல்லா இருக்குங்க" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே கன்னத்தில் ஸ்கின் கலரை அப்பினார். நான் பெயிண்ட் கத்தியால் அதை வழித்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தெறிந்தேன்.

"கத்துக்க வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?"

"கத்துக்கத்தானுங்க. நீங்களே வரஞ்சுட்டா நான் எங்க கத்துக்கறது?"

முதலாளி அவசரமாகப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு வகுப்பு மொத்தமும் போயிருந்தோம். படத்தை மூடியிருந்த திரையை இழுத்தார்கள், கைதட்டினார்கள். உள்ளே கோட்டு சூட்டில், ரோஜாப்பூ நிறத்தில் ஒரு கனவான். முன்வரிசையில் இருந்த முதலாளியின் அம்மா எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"ஆரு கண்ணு இது?"

"அப்பாதாம்மா."

"உங்கொப்பனா? வெய்யில்ல நின்னு கருவேலங்கட்டையாட்டம் இருந்த மனுசனுக்கு ஏண்டா சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கே?"

கூட்டமே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. முதலாளி வாத்தியாரைக் காட்டி, "அவருதாம்மா வரஞ்சாரு" என்றார். அதுவரை அது முதலாளியின் சொந்தக் கைவண்ணம். வாத்தியார் பதறிப்போய், "நான் தொடவே இல்லீங்க, எல்லாம் சாரோட வேலைதான்" என்றார். பெற்றவர்கள் இருவரும் கைவிட்ட பிள்ளையாக அந்தப் படம் சுவரில் தொங்கியது. படத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மாலையைக்கூட அந்த அம்மா அதற்குப் போடவிடவில்லை. வீட்டிலிருந்து பழைய போட்டோவை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதன்பின் அந்த மாடி ஏறவில்லை. வீட்டிலேயே வரைந்து முடித்த படத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர், "காது ஏன் இப்படித் தொங்குது?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது கண்ணாடியைப் பார்த்து என்னையே வரைகிறேன். மூக்கு இன்னும் பிடிபடவில்லை.