கட்டில் எந்தப் பக்கம்

ஓர்லின் ட்வெய்ட்டின் வீட்டுக்கு நடுவே ஹால்விக் பள்ளி வட்டாரத்தின் எல்லைக்கோடு ஓடுகிறது. பின்பக்கத்துச் சமையலறையும் அதன் மேலே உள்ள மாடி அறையும் ஹால்விக்கைச் சேர்ந்தவை. முன்னறை அடுத்த ஊருக்குச் சொந்தம். கோடு கிழித்த மகராசன் வடக்கு டகோட்டாவின் கோதுமை வயல்களை மட்டும்தான் பார்த்திருப்பான் போல, வீடு அவன் கண்ணில் படவில்லை.

பள்ளியை நடத்தும் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். வீடே கோட்டின் மேல் நின்றால், எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறாரோ அந்தப் பக்கத்துக்காரர். ஓர்லின் மாடியில்தான் தூங்கிவந்தார். அதனால் தேர்தலுக்குத் தேர்தல் நின்றார், ஜெயித்தார், கூட்டத்தில் வாயே திறக்காமல் கையை மட்டும் தூக்கினார். பேசாத மனிதனை ஊருக்கு எப்போதும் பிடிக்கும்.

போன குளிர்காலத்தில் அவர் மனைவி மார்லிஸ் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். இனி மாடிப்படி ஆகாது. கட்டில் கீழே இறங்கியது. முன்னறை ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அவளே இடம் பிடித்தாள். பள்ளி பஸ் அவர்கள் வாசலில்தான் வட்டமடித்துத் திரும்பும். காலையும் மாலையும் பிள்ளைகள் கையசைப்பார்கள். யாருக்குப் பல் விழுந்திருக்கிறது, யார் தன் அண்ணனின் கோட்டு மாட்டி வந்திருக்கிறான் என்று அவளுக்கு அத்தனையும் அத்துப்படி. ராத்திரி எழுந்தால் கைத்தாங்கல் வேண்டும் என்பதால் ஓர்லின் அவள் பக்கத்திலேயே மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார்.

துளைபோடும் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்த டுவேன் ராஸ்முஸ் அந்த மடக்குக் கட்டிலைப் பார்த்துவிட்டார். அவரும் குழு உறுப்பினர்தான். பள்ளியை மூடிப் பிள்ளைகளைப் பெரிய ஊருக்கு அனுப்பினால் வரி குறையும் என்பது அவர் கட்சி. கெட்டவர் இல்லை. வரி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் புத்தி பேதலித்துவிடும்.

அடுத்த கூட்டத்தில் எழுந்தார். "தப்பா எடுத்துக்காதே ஓர்லின். நீ ராத்திரி எங்க படுக்கிறே?"

ஓர்லினின் காது சிவந்தது. குழுவின் வக்கீல் அவசரமாகக் குறுக்கே வந்தார். "மாடியிலதானே சார்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விஷயம் முடிஞ்சுது."

"இல்ல," என்றார் ஓர்லின். "மார்லிஸ் பக்கத்துல."

எல்லாரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். அடுத்த கூட்டத்துக்குள் படுக்கை ஹால்விக் பக்கம் வராவிட்டால் பதவி காலி என்றார் வக்கீல். பள்ளியை நடத்துவதா மூடுவதா என்ற வாக்கெடுப்பும் அதே கூட்டத்தில்தான். ஓர்லின் கை இல்லாவிட்டால் ஓட்டு சரிக்குச் சரி ஆகிவிடும், பெரும்பான்மை கிடைக்காமல் பள்ளி போய்விடும்.

அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. பதவியை விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். பஸ் ஓட்டும் ஜானெல் கோழிக்கறி கொண்டுவந்த சாக்கில் எல்லாவற்றையும் மார்லிஸிடம் கொட்டிவிட்டுப் போனாள்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டியா?" என்றாள் மார்லிஸ்.

"இன்னும் இல்ல."

"நல்லதாப் போச்சு. என் கட்டிலைத் தூக்கி சமையலறையில போடு."

"அங்கேருந்து என்ன தெரியும்? தானியக் கொட்டகைச் செவுரு தெரியும். முடியாது."

"அப்ப நீ மட்டும் மாடிக்குப் போய்ப் படு."

"அதுவும் முடியாது."

"கிழவனுக்கு வீம்பைப் பாரு! பள்ளிக்கூடத்தை மூடிட்டா அந்த பஸ் நம்ம வாசலுக்கு வருமா?"

"வராது. பெரிய ஊரு பஸ்ஸு நெடுஞ்சாலையோட போயிடும்."

"அப்ப ஜன்னல் எனக்கு எதுக்கு? காத்து வாங்கவா?"

ஓர்லின் சமையலறைக் கதவைக் கழற்றத் திருப்புளி தேடப் போனார். முகத்தை அவளுக்குக் காட்ட முடியவில்லை.

கட்டில் நகர்கிறதா என்று வேவு பார்க்க டுவேனும் வந்துசேர்ந்தார். "கை சும்மாத்தானே இருக்கு டுவேன், அந்தக் கால் பக்கம் புடி," என்றாள் மார்லிஸ். மனுஷர் தன் வழக்கைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார். அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையில் மடக்குக் கட்டிலும் ஒண்டிக்கொண்டது. கூட்டத்தில் ஓர்லின் கை தூக்கினார், ஒரே ஓட்டில் பள்ளி தப்பியது.

மறுநாள் காலை மார்லிஸ் கொட்டகைச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தனக்கு ஒன்றும் குறையில்லை என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் பஸ் வரும் நேரத்துக்கு அவள் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியதை ஓர்லின் கவனித்தார்.

வாசலில் இஞ்சின் சத்தம் கேட்டது. வழக்கம்போல வட்டமடித்துப் போகவில்லை. சத்தம் நெருங்கியது. ஜானெல் வீட்டைச் சுற்றி பஸ்ஸைப் பின்பக்கம் ஓட்டிவந்து, கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த உருளைக்கிழங்குப் பாத்தியின் மேலேயே நிறுத்தினாள். நாய் கால் வைத்தாலே ஓர்லின் கத்துகிற பாத்தி அது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் கைகள்.

"ஐயோ, உன் கிழங்கு போச்சே!" என்றாள் மார்லிஸ், கையசைத்துக்கொண்டே.

"அது கிடக்கட்டும்," என்றார் ஓர்லின். "அந்தக் கடைசி சீட்டுப் பையனைப் பாரு. முன்பல்லு விழுந்துருச்சா?"