விருந்தாளிகளுக்கு மட்டும்

எங்கள் விடுதியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுருக்கக்கா என்றுதான் சொல்வோம். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், அறையை இரண்டாக்கிவிடுவாள். அவளுக்கு அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை, எனக்குச் சலவை. "இது துவைச்சதாடி, நனைச்சதா?" என்று துணியை என் மூக்குக்கு நேராக விரிப்பாள். சண்டை போடாத நாள் கிடையாது. ஆனாலும் அவளை விட்டால் அந்தத் தீவில் எனக்கு நாதியில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்தவர். தண்ணீர் ஸ்கூட்டர், பாராசூட் படகு எல்லாம் அவர் பச்சைக் கொடி ஏற்றினால்தான் கிளம்பும். சிவப்பு ஏறிவிட்டால் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. "கொசு தும்மினாலே சிவப்பை ஏத்திடுவார்யா இந்த மனுஷன்" என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார், வருமானம் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். கொடிக்காரர் அசைந்துகொடுக்கமாட்டார். "என் வேலை போனாப் பரவால்ல சார், ஆள் போகக் கூடாது" என்பார். அவர் இருந்தவரை ஒருவரும் போகவில்லை.

அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. இடது பக்கம் விழுந்துபோய், பேச்சும் குழறி, ஓரிரு வார்த்தைகள்தான் மிஞ்சின. ஊழியர் குடியிருப்பு ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து கடல் கேட்கும், தெரியாது. அந்தப் பக்கம் இறங்க வழியில்லை, வெறும் பாறை. நான்கு வருடங்களாக அவர் கட்டிலில் கிடந்து அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாளில் "தண்ணி... தண்ணி..." என்பார். முதலில் தாகம் என்று நினைத்து டம்ளரை நீட்டினோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது.

படகுக் கொட்டகையில் பலூன் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. மணலில் புதையாது, தண்ணீரிலும் இறக்கலாம். நடக்க முடியாத விருந்தாளிகளுக்காக வாங்கிப் போட்டது. வருடத்தில் பாதி நாள் அதில் தூசிதான் உட்கார்ந்திருக்கும், துடைப்பவளும் அக்காதான். ஒருநாள் தயங்கித் தயங்கி மேனேஜரிடம் கேட்டாள். "அது விருந்தாளிகளுக்கு மட்டும்மா" என்று அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அக்கா மறுபடி கேட்கவில்லை.

அக்கா ஓய்வு பெறும்போது, பரிசாகப் பணம் வேண்டுமா, விடுதியிலேயே இரண்டு நாள் தங்க வேண்டுமா என்று கேட்டார்கள். எல்லோரும் பணத்தைத்தான் வாங்குவார்கள். அக்கா தங்குகிறேன் என்றாள். "மகாராணிக்கு ஆசையைப் பாரு!" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். நாற்காலிக்காகத்தான் என்று தெரிந்தபோது என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த வாரம் அவர்கள் அவளுடைய அண்ணன் வீட்டோடு போய்விடுவார்கள். அந்த ஊரில் கடலே கிடையாது.

அவர்கள் தங்கிய முதல் நாள் விடிந்ததும் பார்த்தால் சிவப்புக் கொடி. நாள் முழுக்க அது இறங்கவில்லை. கொடிக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கொடியைப் பார்த்தாள். மறுநாளும் சிவப்பு. மதியத்துக்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும்.

துண்டுகளை எண்ணி அடுக்க நான் கரைக்குப் போனபோது அக்கா அவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். இப்போதைய உயிர்காப்பாளரிடம் கெஞ்சினாள்.

"காலை மட்டும் நனைச்சுட்டு வந்துடறேன் தம்பி. இன்னிக்கு விட்டா இனிமே இல்ல."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "சீக்கிரம்க்கா. நானும் கூடவே பிடிச்சுக்கறேன்" என்று நாற்காலியில் ஒரு கை வைத்தான்.

இன்னும் கொஞ்ச தூரம்தான். நுரை சக்கரத்தைத் தொடவிருந்தது. சட்டென்று கொடிக்காரர் தன் நல்ல கையால் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கொடி" என்றார்.

"ஒரே ஒரு நிமிஷங்க. யாரும் பார்க்கல."

"கொடி." இந்தத் தடவை குழறவே இல்லை.

அந்தப் பையன் கையை எடுத்துவிட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடமாக 'நீங்க' தவிர வேறு சொல்லாதவள் கத்தினாள்: "உன் கொடியையே கட்டிக்கிட்டு அழு! இதுக்கா நான் இந்தப் பாடு பட்டேன்?" பிறகு நாற்காலியைத் திருப்பித் தள்ளினாள். எனக்கும் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, அவர் செய்தது சரி என்று தெரிந்தும்.

மதியம் சாவியையும் நாற்காலியையும் ஒப்படைத்தார்கள். சாயந்திரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கரையில் ஒரு தண்ணீர் ஸ்கூட்டர் உறுமியது. பின்னாலேயே இன்னொன்று. யார் யாரோ சிரிக்கும் சத்தம்.

கொடிக்காரர் தலையைத் தூக்கிக் கேட்டார். கோணிய வாயெல்லாம் சிரிப்பாக அக்காவைப் பார்த்தார்.

"பச்ச" என்றார். "இப்போ... போலாம்."

அக்கா மூட்டையை விட்டு எழுந்து வந்தாள். அவருடைய விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"இருட்டப்போகுதுங்க. நாளைக்குப் போலாம்."

அவர் சரியென்று தலையாட்டினார். நம்பிவிட்டார்.