பிரஸ் மெஷினுக்கு வைத்த பொட்டு

சுமலதாவின் அப்ரண்டிஸ் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. கும்மிடிப்பூண்டியில் தகரப் பாகங்கள் அடிக்கும் கம்பெனி அது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்களா, வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்களா என்ற கவலையில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்தபோது ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். இங்கேதான் மாதாமாதம் ஒரு தொகையும் கொடுத்து, ஒரு பிரிவு விடாமல் சுற்றவிட்டு வேலை பழக்கினார்கள். ஆனால் முதலாளி தணிகாசலம், "கத்துக்கினு பக்கத்து கம்பெனிக்கு ஓடிடுவாங்க" என்று முணுமுணுத்தபடிதான் அவளைச் சேர்த்திருந்தார்.

ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. விடுவாளா? ஒன்று பாக்கியில்லாமல் வைத்துத் தள்ளினாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, தகடு அடிக்கும் பெரிய பிரஸ்ஸின் பட்டனை அழுத்தினால், அது அசையவே இல்லை! வெளியே லாரி வேறு காத்திருந்தது. தணிகாசலத்துக்கு வேர்த்துவிட்டது.

"சென்சாரு பேஜாரு பண்ணுது சார். அத்த கட் பண்ணிட்டு ஓட்டிக்கலாம்," என்றார் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம்.

உள்ளே கை போனால் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சார் அது. அதை எடுத்துவிட்டால் விரலுக்கு யார் பொறுப்பு? பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது பல முறை அதைத் துடைத்தவள் சுமலதா. எட்டிப் பார்த்தாள். சென்சாரின் கண்ணாடிப் பட்டை நடுவில், அவள் ஆசையாக வைத்த பொட்டு! பேசாமல் இருந்தால் வேலையாவது கிடைக்கலாம். ஆனால் அவளால் முடியவில்லை.

"கட் பண்ணாதீங்க சார்! தப்பு என்னுது. சென்சாரு மேலயே பொட்டு வெச்சுட்டேன். யாரோ கைய உள்ள வெச்சினு இருக்காங்கன்னு மெஷினு நிக்குது!"

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்தாள். மறுபடி போட்டு, ஓர் அட்டையை உள்ளே நீட்டிச் சோதித்தாள். பட்டனை அழுத்தியும் மெஷின் அசையவில்லை. அட்டையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். டமார்! முதல் பாகம் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தணிகாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். "வெளிய இருந்து ஆள் எடுத்தா நம்ம மெஷினு பழகவே எவ்ளோ நாளாவுது! இது இங்கயே கத்துக்கின பொண்ணு. ராஜமாணிக்கம், இன்னும் நாலு அப்ரண்டிஸ் எடுப்பா." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசம் பொட்டு எங்க வெக்கணும்னு அவங்களுக்கு நீதாம்மா காட்டணும்."

அடுத்த வருடமா? ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் துணியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள்.

"எம்மா, என்னிய வெச்சுக்கினாங்க!" என்று போனில் அவள் போட்ட கூச்சல், பிரஸ் சத்தத்தையும் மீறி உள்ளே கேட்டது.