கார் கம்பெனியைக் காப்பாற்றலாமா என்று என்னைக் கேட்டார்கள்

இன்று காலை எங்கள் ஊரில் பாடு பிரித்தார்கள். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதுதான் பாடு.

கார் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கதவு மாட்டியவன் நான். அதை மூடிவிட்டதால் மூன்று மாதமாக ஊரில்தான் இருக்கிறேன். குலுக்கல் நடக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் நானும் போய் நின்றேன்.

யாரோ ஒருவரின் போனில் விவாதம் ஓடியது. நஷ்டத்தில் மூடிய கம்பெனிக்கு அரசாங்கம் கைகொடுக்கலாமா? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சொல்ற, குடுக்கலாமா?" என்றார் சீட்டுக் குலுக்கும் மாமா.

"குடுக்கணும் மாமா. விழுந்தவன கொஞ்ச நாளு தாங்கிப் புடிச்சா எழுந்து நிப்பான்ல?"

"கரெக்டு" என்றார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

பிறகு சீட்டு எடுத்தார்கள். எல்லோருடைய பெயரும் வந்தது, என் பெயரைத் தவிர.

"வெளி வேலைக்குப் போனவன் பேரு திரும்ப வராதுன்னு தெரியாதா உனக்கு?" என்றார் மாமா. "மில்லு மூடி செல்வம் திரும்பி வந்தப்ப, அவன சேக்கக் கூடாதுன்னு மொத கை தூக்கனதே நீதானடா."

ஆமாம், நான்தான். அப்போது நான் கார் கம்பெனிக்குப் போகவில்லை, எனக்குப் பாடு இருந்தது.

எல்லோரும் படகுக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் சுவரோரம்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பெனியைக் காப்பாற்றுவது பற்றி அப்புறம் சண்டை போடலாம். செல்வம் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.