ரேஸ் கார்கள் நின்று வழிவிட்ட பாதை

காணாமல் போன கார் ரேஸ் தடங்களைப் பற்றிய புத்தகங்கள் என்னிடம் ஒன்பது இருக்கின்றன. குரோம்பேட்டையில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவனுக்கு இது அதிகம்தான். அவற்றில் ஒன்றை இரண்டு முறை வாங்கினேன். நம் பக்கத்துத் தடங்களைப் பற்றி என் கண்ணில் பட்ட ஒரே புத்தகம் அது, ஆங்கிலத்தில். புதிய பதிப்பு வழவழப்பான தாளில் 1,450 ரூபாய். போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே அதன் முதல் பதிப்பு கிடைத்தது. 120 ரூபாய். படப்பைக்கு அப்பால் ஒரு தடம் இருந்ததாக இரண்டிலும் இருக்கிறது. கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் கார் ஓட்டியிருக்கிறார்கள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு புத்தகங்களோடும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரம் வரை மின்சார ரயில், ஐந்து ரூபாய். மேற்குப் பக்கம் இறங்கி, 7.20க்குப் படப்பை வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஐம்பது நிமிடம் ஆனது. சாலையில் பாதிதான் சாலை, மீதி தோண்டிய பள்ளம். படப்பையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினேன். ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய்.

“ரேஸ் கிரவுண்டா? அத்த பிளாட் போட்டு வித்துட்டானுங்க சார். இன்னும் இன்னா கீது அங்க?” என்றார் ஓட்டுநர்.

“புக்ல படிச்சேண்ணா.”

“பிளாட் வாங்க வந்தேன்னு சொல்லு சார். டீயாவது குடுப்பான்.”

அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மனைப்பிரிவின் வாசலில், என் கையிலிருந்த புதிய பதிப்பைப் பார்த்ததும் காவலாளி சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கினார். மனை வாங்குகிறவர்களுக்கு, விற்கும் நிறுவனமே அந்தப் புத்தகத்தைப் பரிசாகத் தருகிறதாம். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மனை நிறுவனத்தின் உதவியோடு வெளியானது என்று பொடி எழுத்தில் இருந்தது. வாங்கிய நாளில் நான் அதைக் கவனிக்கவில்லை.

உள்ளே தெருக்களுக்குப் ‘பிட் லேன்’, ‘சாம்பியன் அவென்யூ’ என்று பெயர். பூங்காவில் நாற்பது மீட்டர் பழைய தார்த் தடத்தைச் சங்கிலி கட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். பக்கத்தில் சிமென்ட்டில் செய்த டயர். குனிந்து தாரைத் தொட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுபக்கம் பத்தடிச் சுவர்.

வெளியே வந்து, சுவரை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்த பெண் என் புத்தகத்தையே பார்த்தார். பெயர் செல்வி. சுவருக்கு மேற்கே இருக்கும் காலனியில் வீடு, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை.

“நீ கம்பெனி ஆளா?”

“இல்லக்கா. சும்மா பாக்க வந்தேன்.”

“சும்மா வந்தவன் கையில இந்த புக்கு எப்டி வந்துச்சு? இத்தத்தான் தாலுகா ஆபீஸ்ல குடுத்துகிறானுங்க, இங்க வழியே இல்லன்னு.”

விஷயம் இதுதான். காலனியின் சுடுகாடு மனைகளுக்குக் கிழக்கே இருக்கிறது. குறுக்கே ஒரு பாதை இருந்தது, அறுநூறு மீட்டர். நிறுவனம் அதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டது. போன வருஷம் செல்வியின் தம்பி இறந்தபோது, நாலு கிலோமீட்டர் மெயின் ரோட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். காலனிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். நிறுவனம் பதிலுக்குக் கொடுத்த ஆதாரங்களில் ஒன்று, நான் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகத்தின் வரைபடம். அதில் தடம் மட்டும்தான் இருக்கிறது.

பையிலிருந்து பழைய பதிப்பை எடுத்தேன். அதே வரைபடம். ஆனால் நீண்ட நேர்த்தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு புள்ளிக்கோடு, அருகே ‘சுடுகாட்டுக்கு’ என்ற குறிப்பு. கீழே ஒரு பத்தி. ரேஸ் நடுவே பிணம் வந்தால் கொடி காட்டிக் கார்களை நிறுத்துவார்களாம். ஓட்டுநர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிற்பார்களாம். வேறெந்தத் தடத்திலும் இல்லாத இடைஞ்சல் என்று ஆசிரியர் கேலியாக எழுதியிருந்தார். புதிய பதிப்பில் புள்ளிக்கோடும் இல்லை, பத்தியும் இல்லை. அந்த இடத்தில் வெற்றிக்கோப்பையின் படம்.

தமிழில் படித்துச் சொன்னேன்.

“ரேஸ் வண்டியே நின்னுகீது. இவனுங்க ஒரு கேட்டத் தொறக்க மாட்றானுங்க” என்றார் செல்வி.

“அந்த வண்டிங்களுக்கு பிரேக் இருந்துச்சுக்கா” என்றார் டீக்கடைக்காரர்.

அங்கிருந்தே, புத்தகத்தில் இருந்த எண்ணில் ஆசிரியரை அழைத்தேன். “தம்பி, இது மோட்டார் ரேஸ் புக். சுடுகாட்டு வழியெல்லாம் எதுக்கு? மேப் க்ளீனா இருக்கட்டும்னு எடுத்தோம்” என்றார். யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதே புத்தகத்தில் யார் எந்தச் சுற்றை எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பது விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை பத்திரமாக இருக்கிறது. வார இறுதிகளில் வந்து போனவர்களுக்கு வரலாறு உண்டு. காலங்காலமாக நடந்தவர்கள் வரைபடத்தில் அழுக்கு. இந்த மாதிரிப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி அடுக்கி வைப்பவன் நான்.

“அந்தப் பழசக் குடுத்துட்டுப் போறியா? அடுத்த சாவு விழறதுக்குள்ள வழி வாங்கணும்” என்றார் செல்வி. ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். “ஜெராக்ஸ் குடுத்தா ஒரிஜினல் எங்கன்னு கேப்பான்.” புத்தகத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் செல்வி போன் செய்தார். தாலுகா ஆபீஸ் அதிகாரி இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சர்வேயரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். புதியதுதான் திருத்திய பதிப்பு என்றாராம் நிறுவனத்தின் ஆள். “யாரக் கேட்டுத் திருத்தினீங்கன்னு கேட்டேன்” என்றார். இதை எழுதும் வரை சர்வேயர் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஊர்ப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று செல்வி அக்கா கேட்டுக்கொண்டார், தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். மொத்தச் செலவு நானூறு ரூபாய்க்குள் முடியும். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், ஓட்டுநரின் எண்ணை வாங்கி வையுங்கள். முதல் பதிப்பு உங்களிடம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். தாரைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பிறகு காலனியிலிருந்து மெயின் ரோடு வழியாகச் சுடுகாடு வரை நடந்து பாருங்கள். நிழல் கிடையாது, நடைபாதை கிடையாது, தண்ணீர் லாரிகள் உரசிக்கொண்டு போகும். எனக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. என் தோளில் ஒரு பை மட்டும்தான் இருந்தது.